செம்பில் அச்சிடும் பிரிண்டர்

கெட்டுப்போன பேட்டரி ரேடியோ ஒன்று வீட்டில் கிடக்கிறதா? பேட்டரிகளை எடுத்துவிடுங்கள். பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பழுப்பு நிறத்திலோ பச்சை நிறத்திலோ ஒரு பலகை இருக்கும். அதன் ஒரு பக்கத்தில் சின்னச் சின்னப் பொருள்கள் நிற்கும். சில மிளகு போல இருக்கும். சில குட்டி டப்பா போல இருக்கும். பலகையைத் திருப்புங்கள். அங்கே கோடு கோடாகப் பாதைகள் ஓடும்.

இதற்கு மின்சுற்றுப் பலகை என்று பெயர். கடைக்காரர்கள் சர்க்யூட் போர்டு என்பார்கள். மெக்கானிக்குகள் வெறுமனே போர்டு என்பார்கள். நாமும் போர்டு என்றே சொல்வோம்.

செல்போனில் போர்டு இருக்கிறது. டி.வி.யில் இருக்கிறது. எல்.இ.டி. பல்பில் இருக்கிறது. காய்கறிக் கடையின் மின்தராசிலும் இருக்கிறது. போர்டு கெட்டால் பொருளே நின்றுவிடும். மாற்றுப் போர்டு கிடைக்காவிட்டால் நல்ல நிலையில் உள்ள மற்ற பாகங்களும் சேர்ந்து குப்பைக்குப் போகும்.

அந்த ஒரே ஒரு போர்டை நாமே செய்ய முடியுமா? முடியும். அதற்குப் பல வழிகள் உண்டு. அவற்றில் ஒன்று வேடிக்கையானது. காகிதத்தில் அச்சிடும் பழைய பிரிண்டரைக் கொஞ்சம் மாற்றி, செம்பின் மேலேயே அச்சிட வைப்பது. அது எப்படி என்று பார்ப்போம்.

போர்டில் என்ன இருக்கிறது?

போர்டின் அடிப்பகுதி மின்சாரம் பாயாத பொருள். பழுப்புப் போர்டில் காகிதமும் பிசினும் சேர்த்து அழுத்தியிருப்பார்கள். நல்ல போர்டில் கண்ணாடி இழையும் பிசினும் இருக்கும். இது பெரும்பாலும் 1.6 மில்லிமீட்டர் தடிமன்.

இந்த அடிப்பலகையின் மேல் செம்புத் தகடு ஒட்டியிருக்கும். அது மிக மெல்லியது. ஒரு மில்லிமீட்டரை 1,000 பங்காக்குங்கள். அதில் 35 பங்குதான் செம்பின் தடிமன்.

கடையில் வாங்கும் புதுப் போர்டில் ஒரு பக்கம் முழுவதும் செம்பு இருக்கும். அதை அப்படியே பயன்படுத்த முடியாது. ஏன்? செம்பு முழுவதும் ஒன்றாக இருந்தால் மின்சாரம் எல்லாப் பக்கமும் ஓடும். நமக்கு வேண்டியது பாதை. இங்கிருந்து அங்கே மட்டும் போக வேண்டும். பக்கத்துப் பாதையைத் தொடக் கூடாது.

ஆகவே வேண்டிய செம்பை விட்டுவிட வேண்டும். வேண்டாத செம்பை எடுத்துவிட வேண்டும். மிஞ்சும் செம்புதான் பாதை.

மூடியது பிழைக்கும்

வேண்டாத செம்பை எப்படி எடுப்பது? கரைத்து எடுக்கிறார்கள். செம்பைக் கரைக்கும் மருந்து உண்டு. போர்டை அதில் போட்டால் எல்லாச் செம்பும் கரைந்துவிடும். ஆகவே வேண்டிய இடத்தை முதலில் மூடிவிட வேண்டும். மூடிய இடம் பிழைக்கும். மூடாத இடம் கரையும்.

இந்த யோசனை நமக்குப் புதிது அல்ல. பாத்திக் துணி பார்த்திருப்பீர்கள். மத்தியப் பிரதேசத்தில் உஜ்ஜயினியை ஒட்டி பைரூகட் என்ற ஊர் இருக்கிறது. அங்கே பாத்திக் வேலை பேர்போனது. துணியில் சூடான மெழுகால் பூ வரைவார்கள். பிறகு துணியைச் சாயத்தில் முக்குவார்கள். மெழுகு மூடிய இடத்தில் சாயம் ஏறாது. மெழுகை எடுத்தால் பூ மட்டும் பழைய நிறத்திலேயே நிற்கும்.

போர்டு வேலையும் இதே போலத்தான். துணிக்குப் பதில் செம்பு. சாயத்துக்குப் பதில் கரைக்கும் மருந்து. மெழுகுக்குப் பதில் மை.

எங்கள் மையத்தில் இதைச் சொன்னபோது ஓர் அக்கா கேட்டார்: “தம்பி, அப்படியானால் மையில் மின்சாரம் போகுமா?” நல்ல கேள்வி. மையில் மின்சாரம் போகாது. மை வெறும் காவல். மருந்தில் இருந்து வெளியே எடுத்ததும் காவல் வேலை முடிந்தது. மையைத் துடைத்துவிடுவோம். அடியில் செம்புப் பாதை பளிச்சென்று இருக்கும். மின்சாரம் போவது அதில்தான்.

பால் ஐஸ்லர் என்ற பொறியாளர் இந்தத் துறையின் முன்னோடி. அவர் ஆஸ்திரியா நாட்டவர். 1936-இல் லண்டனில் இருந்தபோது அச்சிட்ட பாதைகள் உள்ள ரேடியோவைச் செய்து காட்டினார். அதற்கு முன்னால் ரேடியோவுக்குள் கம்பிகள் பின்னிக் கிடக்கும். ஒவ்வொரு கம்பியையும் கையால் பற்றவைக்க வேண்டும். அச்சிட்ட போர்டு வந்த பிறகு வேலை எளிதானது. புத்தகம் அச்சிடுவது போல ஒரே மாதிரிப் போர்டுகளை ஆயிரக்கணக்கில் செய்ய முடிந்தது.

ஒன்றே ஒன்று வேண்டுமானால்?

தொழிற்சாலைக்கு ஆயிரம் போர்டு செய்வது எளிது. ஒன்று செய்வதுதான் கஷ்டம். அதற்காக இயந்திரத்தைத் தயார்செய்யும் வேலையும் செலவும் ஒன்றுக்கும் ஆயிரத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆயிரம் பேர் பங்கிட்டால் தெரியாது. ஒருவர் தலையில் விழுந்தால் கனக்கும்.

பழுதுபார்ப்பவருக்கு ஒன்று போதும். புதிதாக ஏதாவது செய்து பார்க்கும் மாணவருக்கும் ஒன்று போதும். இவர்கள் என்ன செய்வார்கள்?

சிலர் பெயின்டாலோ அழியாத மைப் பேனாவாலோ செம்பின் மேல் கையால் வரைவார்கள். கோடு தடிமனாக இருந்தால் சரி. மெல்லிய கோடுகள் நெருங்கி வந்தால் கை நடுங்கும்.

சிலர் லேசர் பிரிண்டரில் வழவழப்பான காகிதத்தில் அச்சிடுவார்கள். அந்தக் காகிதத்தைச் செம்பின் மேல் கவிழ்த்து இஸ்திரிப் பெட்டியால் தேய்ப்பார்கள். சூட்டில் மைப்பொடி உருகிச் செம்பில் ஒட்டும். இது நல்ல முறை. ஆனால் சில நேரம் பாதி ஒட்டும், பாதி ஒட்டாது.

காகிதமே வேண்டாம், நேராகச் செம்பில் அச்சிட்டால் என்ன? இந்தக் கேள்வியில் இருந்துதான் பிரிண்டரை மாற்றும் வேலை தொடங்கியது.

பிரிண்டர் எப்படி வேலை செய்கிறது?

நாம் பேசுவது இங்க்ஜெட் பிரிண்டர் பற்றி. மையைத் துளித் துளியாகப் பீச்சும் பிரிண்டர் இது. மைத்தலை ஒரு கம்பியின் மேல் இடமும் வலமும் ஓடும். உருளை காகிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே தள்ளும். மைத்தலையின் அடியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வரிசையாக இருக்கும். கம்ப்யூட்டர் சொல்லும் இடத்தில் துளை ஒரு துளியைவிடும்.

அந்தத் துளி எவ்வளவு சிறியது? அதை பிகோ லிட்டர் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு லிட்டரை ஒரு லட்சம் கோடி பங்காக்கினால், அதில் ஒரு பங்குதான் 1 பிகோ லிட்டர். பிரிண்டரின் துளி சில பிகோ லிட்டர்தான் இருக்கும்.

துளியை வெளியே தள்ள இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, சூடு. துளைக்குள் சிறு சூட்டுக் கம்பி இருக்கும். அது ஒரு நொடியில் மிகச் சிறு பங்கு நேரம் சூடாகும். மை கொதித்து ஒரு குமிழி எழும். அந்தக் குமிழி மையை வெளியே தள்ளும். கொதிக்கும் உலையில் ஆவி மூடியைத் தூக்குவது போல. கேனன், ஹெச்.பி. நிறுவனங்களின் பிரிண்டர்கள் இந்த வகை. கேனன் ஆய்வுக்கூடத்தில் 1977-இல் இது தற்செயலாகத் தெரிந்தது என்று அந்த நிறுவனம் சொல்கிறது. சூடான சால்டரிங் கம்பி, மை நிரம்பிய ஊசியில் பட்டது. ஊசி முனையில் இருந்து மை தெறித்தது. அதைக் கவனித்தவர்கள் அதையே இயந்திரமாக்கினார்கள்.

இரண்டாம் வழி, அழுத்தம். சமையல் அறையில் கேஸ் லைட்டர் இருக்கும். அழுத்தினால் டக் என்று பொறி வரும். பேட்டரி இல்லாத லைட்டரில் பொறி எப்படி வருகிறது? உள்ளே ஒரு படிகம் இருக்கிறது. அதை அடித்தால் மின்சாரம் பிறக்கும். இந்தக் குணத்தை 1880-இல் பிரான்ஸ் நாட்டில் ழாக் கியூரி, பியர் கியூரி என்ற சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். இதைத் தலைகீழாகவும் செய்யலாம். படிகத்துக்கு மின்சாரம் கொடுத்தால் அது லேசாக வளையும். பிரிண்டரில் அந்த வளைவு மையை அழுத்தித் துளியாக வெளியே தள்ளும். எப்சன் நிறுவனத்தின் பிரிண்டர்கள் இந்த வகை.

போர்டு வேலைக்குப் பெரும்பாலும் இரண்டாம் வகையைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஏன்? முதல் வகையில் மை கொதித்துக் குமிழி விட வேண்டும். எல்லா மையும் அப்படி ஒழுங்காகக் கொதிக்காது. இரண்டாம் வகையில் மையைக் கொதிக்கவைக்க வேண்டியதில்லை. ஆகவே வேறு வேறு மைகளைப் போட்டுப் பார்க்கலாம்.

மூன்று தடைகள்

பிரிண்டர் காகிதத்துக்காகச் செய்யப்பட்டது. அதில் போர்டைத் தள்ளினால் மூன்று தடைகள் வரும்.

முதல் தடை, தடிமன். எழுதும் காகிதம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். போர்டு 1.6 மில்லிமீட்டர். அதாவது 16 காகிதங்களை அடுக்கிய தடிமன். மைத்தலைக்கும் காகிதத்துக்கும் இடையே இடைவெளி மிகக் குறைவு. போர்டு உள்ளே போனால் மைத்தலை அதில் முட்டும்.

இரண்டாம் தடை, வளைவு. பிரிண்டருக்குள் காகிதம் வளைந்து போகும். போர்டு வளையாது. சில பிரிண்டர்களில் காகிதம் முன்னால் நுழைந்து, முழுதாக மடங்கித் திரும்பி, முன்னாலேயே வரும். அவை இந்த வேலைக்கு ஆகா. பின்னால் நுழைந்து முன்னால் வரும் வகையே ஏற்றது.

மூன்றாம் தடை, ஒட்டுதல். காகிதம் மையை உறிஞ்சும். செம்பு உறிஞ்சாது. தாமரை இலைத் தண்ணீர் போல மை உருண்டு நிற்கும். கோடு உடைந்துபோகும்.

மூன்று தடைகளுக்கும் தனித்தனியே தீர்வு கண்டிருக்கிறார்கள்.

பிரிண்டரை எப்படி மாற்றுகிறார்கள்?

முதலில் மின் இணைப்பை எடுத்துவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே பிடுங்க வேண்டும். பிரிண்டருக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி இருக்கும். அதைத் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும்.

அடுத்து வெளி மூடியைக் கழற்றுகிறார்கள். பின்னால் காகிதத்தைச் சரிவாகத் தாங்கும் பகுதி தடையாக இருந்தால் அதையும் எடுக்கிறார்கள். இப்போது பின்னால் இருந்து முன்னால் வரை நேரான பாதை கிடைக்கும். வளைவு என்ற தடை நீங்கியது.

பிறகு மைத்தலையை உயர்த்துகிறார்கள். மைத்தலை ஓடும் கம்பியின் இரண்டு முனைகளிலும் வாஷர்களை வைத்துத் தூக்குகிறார்கள். எவ்வளவு தூக்க வேண்டும்? ஒரு கணக்குப் போடுவோம்.

போர்டின் தடிமன் 1.6 மில்லிமீட்டர்.
அதைத் தாங்கும் அலுமினியத் தகடு 1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.
இரண்டும் சேர்ந்தால் 2.6 மில்லிமீட்டர்.
முன்பு இருந்த காகிதம் 0.1 மில்லிமீட்டர். அதைக் கழித்தால் 2.5 மில்லிமீட்டர்.

ஆகவே 2.5 மில்லிமீட்டர் தூக்கினால், மைத்தலைக்கும் செம்புக்கும் இடையே பழைய இடைவெளியே இருக்கும். இரண்டு முனைகளையும் ஒரே அளவு தூக்க வேண்டும். ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கினால் கோடு ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் கலங்கியும் விழும்.

இதில் பலர் மறந்துபோகும் பாகம் ஒன்று உண்டு. பிரிண்டரின் ஓரத்தில் ஒரு ரப்பர்த் தொட்டி இருக்கும். வேலை முடிந்ததும் மைத்தலை அதன் மேல் போய் உட்காரும். துளைகளில் மை காய்ந்துபோகாமல் காப்பது அந்தத் தொட்டிதான். மைத்தலையை உயர்த்தினால் இதையும் அதே அளவு உயர்த்த வேண்டும். இல்லாவிட்டால் மூடி சரியாக மூடாது. துளைகள் அடைத்துக்கொள்ளும்.

முன்பக்கம் பல் வைத்த சிறு சக்கரங்கள் காகிதத்தைப் பிடிக்கும். அவை ஈர மையின் மேல் உருண்டு கோட்டைக் கலைத்துவிடும். அவற்றையும் எடுத்துவிடுகிறார்கள்.

போர்டை அலுமினியத் தகட்டின் மேல் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பால் ஒட்டுகிறார்கள். உருளை தகட்டைப் பிடித்து இழுக்கும். போர்டு அதன் மேல் சவாரி செய்யும்.

கடைசியாகக் காகித உணரி. காகிதம் வந்துவிட்டதா என்று பிரிண்டருக்கு எப்படித் தெரியும்? உள்ளே ஒரு சின்ன நெம்புகோல் இருக்கிறது. காகிதம் அதைத் தள்ளியதும், வந்துவிட்டது என்று பிரிண்டர் அறியும். இப்போது காகிதத்துக்குப் பதில் தகடு அதைத் தள்ள வேண்டும். தகடு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தொட்டால்தான் அச்சு ஒரே இடத்தில் விழும்.

இத்தனை வேலையும் வேண்டாம் என்றால் வேறு ஒரு வழியும் உண்டு. சில பிரிண்டர்கள் சி.டி. தட்டின் மேலேயே அச்சிடும். எப்சன் எல்800, எல்805 போன்றவை அப்படிப்பட்டவை. சி.டி.யின் தடிமன் 1.2 மில்லிமீட்டர். அதைவிட மெல்லிய போர்டும் கடையில் கிடைக்கும். அதைச் சி.டி. வைக்கும் தட்டில் பொருத்தினால் மைத்தலையைத் தூக்கவே வேண்டாம்.

எந்த மை நிற்கும்?

மையில் இரண்டு வகை உண்டு. சாய மை தண்ணீரில் சர்க்கரை போலக் கரைந்திருக்கும். நிறமி மை தண்ணீரில் சுண்ணாம்பு போலத் துகளாகக் கலந்திருக்கும்.

கரைக்கும் மருந்து தண்ணீரில் கலந்தது. சாய மை அதில் கரைந்து ஓடிவிடும். ஆகவே நிறமி மையே வேண்டும். அதிலும் துகளோடு பிசின் கலந்த மை நல்லது. சூடுபடுத்தினால் பிசின் இளகிச் செம்பைப் பிடித்துக்கொள்ளும்.

செம்பையும் தயார்செய்ய வேண்டும். பாத்திரம் தேய்க்கும் நாரால் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். நம் விரலில் எப்போதும் கொஞ்சம் எண்ணெய்ப் பசை இருக்கும். கழுவிய பிறகு செம்பைத் தொட்டால் அந்த இடத்தில் மை ஒட்டாது. சிலர் கரைக்கும் மருந்திலேயே போர்டைச் சில நொடிகள் முக்கி எடுப்பார்கள். செம்பின் வழவழப்பு போகும். சுரசுரப்பான சுவரில் சுண்ணாம்பு ஒட்டுவது போல மை ஒட்டும்.

அச்சிட்ட பிறகு போர்டைச் சூடான அடுப்புப் பெட்டியில் வைத்து மையை இறுக்குகிறார்கள். தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட அதிகச் சூடு வேண்டும். அப்போது புகையும் நாற்றமும் வரும். ஆகவே சாப்பாடு செய்யும் அடுப்பை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. காற்றோட்டமான இடமும் வேண்டும்.

அச்சிடும் முன்னால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பொருள்கள் போர்டின் ஒரு பக்கம் நிற்கும். பாதைகள் மறுபக்கம் ஓடும். பொருள்கள் நிற்கும் பக்கம் இருந்து வரைந்த படம் என்றால், அதைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி அச்சிட வேண்டும். திருப்பாவிட்டால் இடம் வலமாகும். போர்டு வீணாகும்.

கரைப்பதில் கவனம்

செம்பைக் கரைக்கப் பெரும்பாலும் ஃபெரிக் குளோரைடு என்ற மருந்தைப் பயன்படுத்துகிறார்கள். எலக்ட்ரானிக்ஸ் கடையில் பழுப்புக் கட்டியாகவோ பொடியாகவோ கரைசலாகவோ கிடைக்கும்.

பொடியைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். பொடியின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. அப்போது சூடு கிளம்பித் தெறிக்கும்.

பிளாஸ்டிக் தட்டோ கண்ணாடித் தட்டோ பயன்படுத்த வேண்டும். அலுமினியம், எவர்சில்வர் பாத்திரங்களை இந்த மருந்து அரித்துவிடும். சமையல் பாத்திரம் எதையும் இதற்கு எடுக்கக் கூடாது. இதற்கு எடுத்த தட்டும் சமையலுக்குத் திரும்பக் கூடாது.

கையில் ரப்பர் உறை வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். கண்ணில் பட்டால் உடனே நிறைய நல்ல தண்ணீரால் நெடுநேரம் கழுவ வேண்டும். பிறகு மருத்துவரிடம் போக வேண்டும். குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. துணியில் பட்ட கறை போகாது.

தட்டை மெதுவாக ஆட்டிக்கொண்டே இருந்தால் செம்பு சீராகக் கரையும். செம்பு போன இடத்தில் அடிப்பலகை தெரியும். போர்டை எடுத்துக் கழுவ வேண்டும். மையைத் தின்னரால் துடைக்க வேண்டும். தின்னர் தீப்பற்றும். பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது. பிறகு பொருள்களின் கால்கள் நுழையத் துளை போட வேண்டும். கண்ணாடி இழைத் தூள் மூச்சுக்குக் கெடுதல். மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் அணிய வேண்டும்.

மீந்த மருந்து எங்கே போகும்?

போர்டு கையில் வந்துவிட்டது. தட்டில் பச்சையும் கறுப்புமாகத் தண்ணீர் மீந்திருக்கிறது. செம்பு மறைந்துவிடவில்லை. அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. அதைச் சாக்கடையில் ஊற்றலாமா? கூடாது. கிணற்றோரத்தில் ஊற்றலாமா? கூடவே கூடாது. தண்ணீரில் கரைந்த செம்பு கொஞ்சமாக இருந்தாலும் மீன்களுக்கு நஞ்சு.

உத்தரப் பிரதேசத்தில் மொராதாபாத் என்ற நகரம் இருக்கிறது. பித்தளைப் பாத்திரங்களுக்குப் பேர்போன ஊர். நாட்டின் பல ஊர்களில் இருந்து பழைய போர்டுகள் அங்கே வந்தன. செம்பையும் மற்ற உலோகங்களையும் பிரிக்க அவற்றை எரித்தார்கள். அமிலத்தில் கழுவினார்கள். சாம்பலும் கழிவும் ராம்கங்கா ஆற்றின் கரையில் குவிந்தன. வேலை செய்தவர்கள் ஏழைகள். பிழைப்புக்காகச் செய்தார்கள். புகையும் அமிலமும் அவர்கள் உடம்பைத்தான் முதலில் தாக்கின. 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது. ஆற்றங்கரையில் இந்தக் கழிவைக் கொட்டுபவர்கள் 1 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது.

ஒரு போர்டு செய்பவரின் கழிவு சிறியதுதான். ஆனால் கெடுதல் ஒரே வகை. ஆகவே என்ன செய்யலாம்? மருந்து வேலை செய்யும் வரை அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். மூடியுள்ள பிளாஸ்டிக் கேனில், பெயர் எழுதி ஒட்டி, பூட்டி வைக்க வேண்டும். எழுத்து படிக்கத் தெரிந்தவர் வீட்டில் பெயர் இல்லாத கேன் இருக்கவே கூடாது. குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது ஆபத்து. மருந்து தீர்ந்துபோனால் ஆபத்தான கழிவைக் கையாள அனுமதி பெற்ற இடத்தில் கொடுக்க வேண்டும்.

பழைய பிரிண்டரையும் பழைய போர்டையும் எரிக்கக் கூடாது. மின்னணுக் கழிவுக்கு நம் நாட்டில் தனி விதிகள் உண்டு. 2022-இல் வெளியான புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களே இவற்றைப் பிரிக்க வேண்டும்.

இதனால் யாருக்குப் பயன்?

இந்தப் பிரிண்டர் தொழிற்சாலைக்கு மாற்று ஆகாது. ஆயிரம் போர்டு வேண்டுமானால் தொழிற்சாலையே மலிவு. செல்போன் போர்டில் பல அடுக்குப் பாதைகள் ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கும். அதையும் இதில் செய்ய முடியாது. வீட்டு மின்சாரம் நேராகப் பாயும் போர்டை அனுபவம் இல்லாதவர் செய்யக் கூடாது. பேட்டரியில் ஓடும் சின்னக் கருவிகளுக்கு இது ஏற்றது.

ஆனால் ஒன்றே ஒன்று வேண்டியவருக்கு இது பெரிய உதவி. காலையில் நினைத்ததை மாலையில் செய்து பார்க்கலாம். தவறு இருந்தால் திருத்தி மறுநாள் இன்னொன்று செய்யலாம்.

இப்படிச் செய்து பார்க்கப் பட்டம் வேண்டுமா? மகாராஷ்டிரத்தில் புனே பக்கம் பாபல் என்ற கிராமம் இருக்கிறது. அங்கே 1983-இல் டாக்டர் கல்பாக் என்பவர் விக்யான் ஆசிரமத்தைத் தொடங்கினார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் அங்கே கையால் செய்து கற்கிறார்கள். 2002-இல் அந்தக் கிராமத்துக்கு ஃபேப் லேப் என்ற பட்டறை வந்தது. அந்த வகைப் பட்டறைகளில் போர்டை வேறு முறையில் செய்வார்கள். சிறு இயந்திரம் ஒன்று வேண்டாத செம்பைச் செதுக்கி எடுக்கும். மையும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். வழி வேறு, யோசனை ஒன்றுதான்: வேண்டியதை விடு, வேண்டாததை எடு.

பிரிண்டருக்குத் தான் எதன் மேல் அச்சிடுகிறோம் என்று தெரியாது. சொன்ன இடத்தில் துளியைவிடுவது மட்டும்தான் அதன் வேலை. காகிதமா செம்பா என்று தீர்மானிப்பது மனிதர். ஒவ்வொரு பாகமும் எதற்காக இருக்கிறது என்று தெரிந்துகொண்டவர் அதை வேறு வேலைக்கும் திருப்பலாம். தெரிந்துகொள்ள முதல் படி, மூடியைத் திறந்து பார்ப்பது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறந்து பார்ப்பது.

கலந்து பேசுவோம்

1. போர்டில் மின்சாரம் எதன் வழியாகப் போகிறது? மையிலா, செம்பிலா?

2. பாத்திக் துணிக்கும் போர்டுக்கும் என்ன ஒற்றுமை?

3. போர்டு 0.8 மில்லிமீட்டர், தகடு 1 மில்லிமீட்டர், காகிதம் 0.1 மில்லிமீட்டர். மைத்தலையை எவ்வளவு தூக்க வேண்டும்?

4. உங்கள் ஊரில் கெட்டுப்போன ரேடியோவும் செல்போனும் எங்கே போகின்றன? அவற்றை யார் பிரிக்கிறார்கள்? எங்கே எரிக்கிறார்கள்?

5. உங்கள் வீட்டில் பெயர் எழுதாத மருந்துக் கேன், பாட்டில் ஏதாவது இருக்கிறதா? இன்றே ஒரு காகிதத்தில் பெயரை எழுதி ஒட்டுங்கள்.